சுனாமி, கொரோனா, இஸ்ரேல் போர் எல்லாம் இயேசுவின் இரண்டாம் வருகைக்கு அடையாளமா? கிறிஸ்தவர்கள் எல்லாரும் இதை ஒரே மாதிரியா நம்புகிறார்கள்?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருந்த விவரத்தைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் யாரோ காட்டிய வீடியோவில் "திடீரென்று ஒருநாள் நல்லவர்கள் மட்டும் மறைந்துபோவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள்" என்று சொன்னதைக் கேட்டு உங்கள் 10 வயது மகள் ராத்திரி தனியாகத் தூங்க மாட்டேன் என்கிறாள் என்று போட்டிருந்தீர்கள். அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இயேசு மறுபடியும் வருவார் என்று நான் நம்புகிறேன், ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது "ஜீவிக்கிறவர்களையும் மரித்தவர்களையும் நியாயந்தீர்க்க வருவார்" என்பதையும் மனதாரச் சொல்கிறேன். அந்த வீடியோவில் சொன்ன விதமாக நம்பவில்லை. ஊர் கடலூர், சபை ஆற்காடு லுத்தரன், வேலைக்குப் பத்து வருஷமாகப் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பக்கத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் இரகசிய வருகையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார். கண் இமைக்கும் நேரத்தில் அம்மா காணாமல் போவாள், அடுப்பில் சோறு அப்படியே இருக்கும், நீ மட்டும் நிற்பாய் என்று பிள்ளைகளைப் பார்த்தே சொன்னார். அந்த வாரமே ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. வாசலில் அம்மாவின் செருப்பு, ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. உள்ளே மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் குழம்பு அடிப்பிடித்துப் புகைகிறது. கூப்பிட்டுப் பார்க்கிறேன், பதில் இல்லை. பக்கத்து வீட்டிலும் ஆள் இல்லை, எதிர்வீட்டுத் திண்ணை காலி. புத்தகப்பையைக் கழற்றாமலே கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன், அழுகைகூட வரவில்லை. கால் மணி நேரம் இருக்குமா, தெரியாது. அம்மா வெறுங்காலோடு ஓடி வந்தாள். பின்தெருவில் ஒரு தாத்தா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாராம், தெருவே அங்கே ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினேன்.

பெரியவனான பிறகுதான் தெரிந்தது, என்னை அப்படி உட்காரவைத்த அந்தப் போதனைக்கு வயது 200 வருஷம்கூட ஆகவில்லை என்று. 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்பவர், சகோதரர் சபைகளின் முன்னோடிகளில் ஒருவர், இரண்டாம் வருகையை இரண்டு கட்டமாகப் பிரித்தார்: உலகம் பெரும் துன்பப்படும் உபத்திரவ காலத்துக்கு முன்னால் சபையை மட்டும் எடுத்துக்கொண்டுபோக ஓர் இரகசிய வருகை, ஏழு வருஷம் கழித்து எல்லாருக்கும் தெரிகிற பகிரங்க வருகை. 1909-ல் அமெரிக்காவில் ஸ்கோஃபீல்டு என்பவரின் குறிப்புகளோடு ஒரு வேதாகமம் வந்தது, அதில் இந்த விளக்கம் வசனத்துக்கு அடியிலேயே அதே பக்கத்தில் அச்சாகியிருந்தது. படிக்கிறவர்களுக்கு எது வசனம், எது ஸ்கோஃபீல்டின் கருத்து என்ற எல்லை மனதில் அழிந்துபோயிருக்கும் என்றே நினைக்கிறேன். இன்று நம்மூர் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான்.

கத்தோலிக்கரும் லுத்தரன்களும் அப்படிப் பிரிப்பதில்லை. ஒரே வருகை, உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு, அவ்வளவுதான். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 20-ல் வரும் கிறிஸ்துவின் ஆயிரவருஷ அரசாட்சியைத் திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் 5-ஆம் நூற்றாண்டிலேயே சபையின் இந்தக் காலத்தைக் குறிக்கும் அடையாளப் பேச்சு என்று விளக்கிவிட்டார், எங்கள் லுத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையும் (1530) பூமியில் பக்தர்கள் மட்டும் ஆட்சி நடத்தப்போகும் ஒரு காலம் முன்னதாக வரும் என்பதை மறுக்கிறது. லூத்தரே 1522-ல் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு எழுதிய முன்னுரையில், இதில் தன் மனம் ஒட்டவில்லை என்றுதான் எழுதினார். நற்செய்தி பரவிப் பரவி உலகம் நல்லதான பிறகே இயேசு வருவார் என்று நம்பியவர்களும் உண்டு, இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு அவர்கள் குரல் குறைந்துபோனது. ஆக, ஒரே மாதிரியா என்றால், இல்லை. வருவார் என்பதில் ஒற்றுமை, எப்படி என்பதில் இல்லை.

இரகசிய வருகைக்கு எல்லாரும் காட்டுகிற வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:17. "கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக, மேகங்கள்மேல்... ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டு" என்று இருக்கிறது. இதில் என் கண் நிற்பது "எதிர்கொண்டு" என்ற வார்த்தையில். மூல கிரேக்கத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறு இடங்களிலும் வருகிறது. ஒன்று இயேசு சொன்ன உவமையில் பத்துக் கன்னிகைகள் மணவாளனுக்கு எதிர்கொண்டு போகிற இடம். இன்னொன்று அப்போஸ்தலர் 28:15, பவுல் ரோமாபுரிக்கு வருகிறார் என்று கேட்டு அங்கேயிருந்த சகோதரர்கள் அப்பியுபுரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்த இடம். இரண்டிலும் போனவர்கள் என்ன செய்தார்கள்? வருகிறவரை அழைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். நமக்கு இதற்கு விளக்கமே வேண்டாம், மாப்பிள்ளை அழைப்பு பார்த்திருக்கிறோம். பிஷப் ஐயா திடப்படுத்தல் ஆராதனைக்கு வரும்போது நாங்கள் பேண்டு வாத்தியத்தோடு தெருமுனைக்குப் போய் மாலை போட்டு, அவருக்கு முன்னால் நடந்து கோவிலுக்கு அழைத்து வருவோம். அந்த வசனம் எனக்கு அப்படித்தான் கேட்கிறது: பூமியைவிட்டுத் தப்பி ஓடுவதாக இல்லை, அவரை இங்கே வரவேற்கப் போவதாக இருக்கிறது. இதை ஏற்காத வேத அறிஞர்களும் இருக்கிறார்கள், ஒரு சொல்லை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று. எனக்கு அது சரியாகப் படுகிறது.

"ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்" என்பது மத்தேயு 24:40. அதற்கு முந்தின வசனத்தைச் சேர்த்துப் படியுங்கள். நோவா காலத்தில் "ஜலப்பிரளயம் வந்து அனைவரையும் வாரிக்கொண்டுபோகுமட்டும்" உணராதிருந்தார்கள் என்று இருக்கிறது. அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள் வெள்ளத்தில் போனவர்கள், மிஞ்சியது நோவா குடும்பம். அப்படியானால் அடுத்த வசனத்தில் எடுக்கப்படுவது நல்லதா, விடப்படுவது நல்லதா? பயமுறுத்துகிறவர்கள் இந்தக் கேள்விக்கே வருவதில்லை.

"வாரிக்கொண்டு போச்சு" என்ற வார்த்தையை எங்கள் ஊரில் வேறு விதமாகவும் கேட்டிருக்கிறேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை நேரத்தில்தான் செய்தி வந்தது. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி என்று கேட்கக் கேட்கப் பேர் கூடிக்கொண்டே போனது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். எனக்கு அப்போது 19 வயது, வாலிபர் ஐக்கியத்தோடு ஒரு பள்ளிக்கூட முகாமில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, யாரோ வந்து துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். குப்பத்து அக்கா ஒருத்தர், கையில் தட்டு, அதில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, அந்தத் தாளை என்னிடம் நீட்டி "என்ன தம்பி போட்டிருக்கு?" என்றார். முதல் வரி லூக்கா 21:25, "சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்". அடுத்த வரியில் இது தேவகோபத்தின் அடையாளம் என்று இருந்தது. அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. "சாமி சீக்கிரம் வரப்போறாருன்னு போட்டிருக்குக்கா" என்றேன்.

"வந்தா எம்புள்ளய கொண்டாந்து விடுவாரா?" என்று கேட்டார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை, தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் ஐயர் (சபைப் போதகர்) பிரசங்கத்துக்கு எடுத்ததும் அதே 1 தெசலோனிக்கேயர் 4. பவுல் அதை ஏறக்குறைய கி.பி. 50-ல் எழுதினார், புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று. தெசலோனிக்கே சபையில் சிலர் இறந்துபோனார்கள், வருகை வரும்போது அவர்கள் கதி என்ன என்று மிச்சமிருந்தவர்கள் கலங்கினார்கள், அதற்குத்தான் பவுல் பதில் எழுதுகிறார் என்று ஐயர் விளக்கினார். "கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்." கடைசியில் "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த அக்கா கேட்டது அப்படியே தெசலோனிக்கேயர் கேட்ட கேள்வி. பிள்ளையைப் பறிகொடுத்தவளைத் தேற்ற எழுதின வசனத்தை எடுத்துத்தான் ஒரு பிரசங்கியார் நான்காம் வகுப்புப் பையனைக் கதவுக்குப் பின்னால் உட்காரவைத்தார். இதற்கு எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

சரி, அடையாளங்கள். யுத்தம், பஞ்சம், கொள்ளைநோய், பூமியதிர்ச்சி எல்லாம் மத்தேயு 24-ல் இருப்பது உண்மை. ஆனால் அதே மூச்சில் "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்... முடிவு உடனே வராது" என்று இயேசு சொல்கிறார், இதெல்லாம் "வேதனைகளுக்கு ஆரம்பம்" என்கிறார். பேச்சு தொடங்கியதே எருசலேம் தேவாலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்பதில்தான், அதை கி.பி. 70-ல் ரோமப் படை இடித்தேவிட்டது. அதனால் அந்த அதிகாரத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே நடந்து முடிந்தது என்று கொள்கிறவர்கள் நிறையப் பேர், நானும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறி, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தபோதும் அதே துண்டுப்பிரசுரம் வந்தது, கொரோனாவிலும் வந்தது. தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது.

தேதி குறித்தவர்கள் கதையும் அப்படித்தான். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் 8:14-ன் 2300 நாளை வருஷமாக எண்ணிக் கணக்குப் போட்டார், அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 இரவு முழுக்க விழித்திருந்து காலையில் அழுதார்கள். நமக்குப் பக்கத்திலேயே, திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து வந்து குருவானவரான யுஸ்தூஸ் ஜோசப் 1875 எழுப்புதலின்போது இன்னும் ஆறு வருஷத்தில் என்று அறிவித்தார், 1881 வந்து போனது. இஸ்ரேல் 1948-ல் உருவானதை மத்தேயு 24-ல் இயேசு சொன்ன அத்திமரம் துளிர்த்ததாக வைத்து, இந்தச் சந்ததி ஒழிந்துபோகுமுன் எல்லாம் நடக்கும் என்ற வசனத்துக்கு ஒரு சந்ததி 40 வருஷம் என்று கூட்டி 1988 என்றார்கள். ஹரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார். போன வருஷங்களில் நீங்களே யூடியூபில் பார்த்திருப்பீர்கள், 2025 செப்டம்பர் 23 என்று பரவியது. மாற்கு 13:32-ல் அந்த நாளைக் குமாரனும் அறியார் என்று இயேசு தம்மைப் பற்றியே சொல்லியிருக்கும்போது எப்படித்தான் மனம் வருகிறதோ.

வெளிப்படுத்தின விசேஷம் 13-ல் மிருகத்தின் எண்ணாக வரும் 666 பற்றியும் கேட்டிருந்தீர்கள். க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று நம் தமிழில் எழுதினதுபோல எபிரெயத்திலும் எழுத்துக்கு எண் உண்டு. ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை நேரோன் சீசர் என்று எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது, சில பழைய பிரதிகளில் இருக்கும் 616-ம் அதே பெயரின் இன்னொரு எழுத்துக்கூட்டலுக்குப் பொருந்துகிறது. கிறிஸ்தவர்களைக் கொன்ற ஓர் அரசனைப் பற்றி, அவன் ஆட்சியின் நிழலில் இருந்தவர்களுக்கு எழுதினது. ஆதார் அட்டையும் ஊசியும் அதில் இல்லை. இதைச் சொல்லித்தான் என் சித்தியைக் கொரோனா ஊசிக்குக் கூட்டிப்போனேன், அதற்குள் நான்கு மாதம் தள்ளிப்போட்டிருந்தார்.

இஸ்ரேல் விஷயத்தில் ஒன்று மட்டும். அங்கே நடக்கிற போரைக் கடிகார முள் மாதிரி பார்த்து "இன்னும் கொஞ்சம்தான்" என்று பேசுவதைக் கேட்டால் வயிறு எரிகிறது. பெத்லகேமில் எங்களைப் போலவே லுத்தரன் சபை இருக்கிறது, பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களுடையது. 2023 கிறிஸ்துமஸுக்கு அவர்கள் குழந்தை இயேசுவைக் கட்டட இடிபாடுகளுக்கு நடுவில் கிடத்தி வைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அந்த வசனம் மறைந்துபோகிறவர்களைப் பற்றியது இல்லை, செத்துப்போன தாத்தா பாட்டியைத் திரும்பப் பார்ப்போமா என்று கேட்டவர்களுக்கு எழுதின கடிதம் என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் சபையில் ஈஸ்டர் அன்று விடியுமுன் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவர்த்தி வைப்போம். எங்கள் கல்லறைகள் எல்லாம் கால் கிழக்கே இருக்கிற மாதிரி வெட்டியவை, எழுந்து நிற்கும்போது முகம் அவர் வருகிற திசையைப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்வார். இப்போது அப்பாவும் அங்கேதான் இருக்கிறார். என் பையனுக்கு ஏழு வயது, இந்த வருஷம் தாத்தாவின் கல்லறையில் அவனே வர்த்தி ஏற்றினான், காற்றில் அணைய அணையத் திரும்பத் திரும்ப ஏற்றினான். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லப்பா, தாத்தா எழுந்ததும் இருட்டா இருந்தா என்ன பண்ணுவாரு" என்றான்.