போக்கிமான் சோர்டில் சவால் குறைந்தது பற்றி

வணக்கம் தம்பி. போக்கிமான் சோர்ட் விளையாட்டில் குழு முழுவதும் தானாக வளர்ந்து சண்டைகள் சப்பென்று முடிகின்றன, அனுபவப் பகிர்வை (சண்டையில் இறங்காத போக்கிமான்களுக்கும் அனுபவப் புள்ளி தரும் வசதியை) எப்படி நிறுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்த முடியாது.

முதல் போக்கிமான் விளையாட்டில் வழக்கமாகக் களமிறங்கியவை மட்டுமே வளர்ந்தன. மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட வீட்டுத் திண்ணையில் நானும் அண்ணனும் மேஜிகார்ப் என்ற போக்கிமானை முதலில் இறக்கி, உடனே வேறொன்றை மாற்றி, அப்படியே அதை 20ஆம் நிலைவரை வளர்த்தோம். அது கியாரடோஸாக மாறிய மாலை இன்றும் கண்ணில் நிற்கிறது. 2013இல் போக்கிமான் எக்ஸ், ஒய் விளையாட்டுகள் வந்தபோது குழு முழுவதும் வளர்ந்தாலும் அதை அணைக்க முடிந்தது. 2019இல் வந்த சோர்டில் அப்படி அணைக்கும் வசதியும் இல்லை. புதியவர்கள் இடையில் நின்றுவிடக்கூடாது என்பதே முதன்மையாகிவிட்டது என்று நினைக்கிறேன், அதில் எனக்கு வருத்தம்தான்.

குழுவில் மூன்றை மட்டும் வைத்து, மற்றவற்றைப் பெட்டியில் (குழுவில் இல்லாதவற்றைச் சேமிக்கும் இடத்தில்) போட்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பெட்டியில் இருப்பவை சண்டைகளால் வளராது. சண்டை முறையையும் 'செட்' என மாற்றிவிடுங்கள்; எதிரியின் போக்கிமான் வீழ்ந்ததும் உங்களுடையதை இலவசமாக மாற்றும் வாய்ப்பு அதில் வராது.