பிடித்த நூல் எது என்று கேட்டால்…

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறேன், பிறந்தது தோட்டத் தொழிலாளர் லயத்தில். கோயில் மண்டபத்தில் நடக்கும் வாசகர் வட்டத்தில் பிடித்த நூல் எது என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். பலரும் 'பொன்னியின் செல்வன்' என்றார்கள். நான் ஒரு குடும்ப நாவலைச் சொன்னதும் சிரித்துவிட்டார்கள். மருமகள் முதல்முறை மாமியாரை எதிர்த்துப் பேசும் அத்தியாயத்துக்காகவே அதை எடுத்து எடுத்துப் படிப்பேன். அடுத்த கூட்டத்தில் வேறு பெரிய நூலாகச் சொல்லிவிடவா? சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போய்வந்த என் தாத்தா இருந்தால் 'எதையாவது படி, பொய் மட்டும் சொல்லாதே' என்பார்.

பதில்: தாத்தா சொல்வதுதான் சரி, சகோதரி. படிக்காத நூலைச் சொல்லிவிட்டு, 'அதில் எந்த இடம் பிடிக்கும்?' என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வீர்கள்? அதே கேள்வியை அங்கே சிரித்தவர்களிடம் கேட்டுப் பாருங்களேன். ஐந்து பாகத்தையும் முடித்தவர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

'பொன்னியின் செல்வ'னே 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடர்கதையாக வந்ததுதான். அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று காத்திருந்து படித்தவர்கள்தான் அதை வளர்த்தார்கள். இலக்கியம் என்று நினைத்தா காத்திருந்தார்கள்? கதை இழுத்தது, படித்தார்கள். உங்களை இழுத்ததும் அதுதான்.

நீங்கள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குக் குறிப்பிட்டு எழுதிய அந்த மருமகள் அத்தியாயத்தை அங்கே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கூட்டம் முடிவதற்குள் இரண்டு பேராவது புத்தகத்தை இரவல் கேட்பார்கள். (கொடுத்தால் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரவல் போன நாவல் தானாகத் திரும்பி வராது.)

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது தாத்தாவைப் பற்றிய அந்த ஒரு வரி. 1942, 43-இல் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை அதற்குக் கொண்டுபோனார்கள்; பலர் திரும்பவில்லை. திரும்பிய பலர் வீட்டில் வாயே திறக்கவில்லை. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இரண்டும் அந்தக் கதையைச் சொல்லும் நம் நாட்டு நாவல்கள். தாத்தா பேசாமல் விட்டது ஏதாவது அவற்றில் கிடைக்கலாம். உங்கள் குடும்ப நாவலை ஓரம்கட்டச் சொல்லவில்லை. பக்கத்தில் இவற்றையும் வையுங்கள்.

பிடிக்காமல் பாதியில் மூடினாலும் பரவாயில்லை. எந்த இடத்தில் மூடினீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.