துளை போட்டுச் செய்வதாகச் சொல்லி குதிகாலைக் கிழித்துவிட்டார்கள்!

கேள்வி: என் கணவர் கொத்தனார். அம்பாசமுத்திரத்தில் வேலை பார்க்கும்போது சாரத்திலிருந்து விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. சின்னத் துளை போட்டு ஸ்குரூ வைப்போம் என்றது ஒரு தனியார் மருத்துவமனை. பார்த்தால் பெரிய வெட்டு, உள்ளே பிளேட். புண் சீழ் பிடித்து ஆறு மாதமாக வேலை இல்லை. கேட்டால் நர்ஸ்கூட எடுத்தெறிந்து பேசுகிறார். வழக்குப் போடலாமா?

பதில்: அம்மா, நர்ஸ் பேசியதை விடுங்கள். சீழ் பிடித்ததையும் முன்னால் வைக்காதீர்கள். குதிகாலின் வெளிப்பக்கம் 'எல்' வடிவில் திறந்தால் தோல் ஆறாமல் போவது தெரிந்த சிக்கல்தான். அவர் பீடி குடிப்பவர் என்றால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

அவர் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தில் என்ன இருக்கிறது? வழக்கே அதில்தான். துளை முறைக்கு மட்டும் சம்மதம் வாங்கிவிட்டு, உடனடி ஆபத்து இல்லாதபோது திறந்திருந்தால் அது அனுமதியில்லாத சிகிச்சை. சமிரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. படிவத்தையும் ஆபரேஷன் நோட்ஸையும் எழுதிக் கேளுங்கள்; 72 மணி நேரத்தில் தர வேண்டும்.

எனக்குப் பயம் அதற்கு அப்புறம் நடப்பதில். மேலாளர் நயமாகத்தான் பேசுவார். "அடுத்த வாரம் வாங்க, டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்பார். நடந்து நடந்தே காலம் ஓடிவிடும். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போக வேண்டும். பேசிக்கொண்டிருந்தோம் என்பதால் கெடு நீளாது. அடுத்து, பிளேட்டை இலவசமாக எடுத்துத் தருகிறோம் என்பார்கள். அன்றைக்கு நீட்டுகிற தாள்களுக்கு நடுவே 'சிகிச்சையில் திருப்தி, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்று ஒன்று இருக்கும். வலியில் கிடக்கிற மனுஷன் வாசிக்கவா செய்வார்? எதிர்த்தரப்பு அதை ஆணையத்தில் தாக்கல் செய்த பிறகுதான் என் கட்சிக்காரர்கள் சிலர் அதை முதன்முதலாக வாசித்தார்கள். நீங்கள் வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

படிவத்தில் 'தேவைப்பட்டால் திறந்தும் செய்யலாம்' என்ற வரி இருந்தால் வழக்கு வேண்டாம், சமரசமாகப் போங்கள். மறுசிகிச்சைச் செலவையும் வேலை இழந்த மாதங்களின் கூலியையும் கேளுங்கள், காசோலையாக வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. வேலையில் விழுந்தவருக்கு மேஸ்திரியோ கான்ட்ராக்டரோ, வேலைக்கு வைத்தவர் ஊழியர் இழப்பீட்டு விதிகளின்படி (2025 நவம்பர் வரை 1923-ம் வருடச் சட்டம், அதன்பின் 2020-ம் வருட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு) பணம் தர வேண்டும். அவர் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அதற்கும் கெடு விபத்து நாளிலிருந்து 2 வருடம்தான். மருத்துவமனைக்கு அலைவதற்கு முன் அந்த மனுவைப் போடுங்கள்.