“முன்பக்கம் மட்டும்தான் போயிருக்கிறது” என்று விற்கப்படும் ஆர்15ஐ வீட்டில் வைத்துத் திருத்தலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் விபத்துக்குள்ளான யமஹா ஆர்15, இரண்டாம் வடிவம், மலிவு விலைக்கு வருகிறது. முன்பக்கம் மட்டும்தான் போயிருக்கிறது என்கிறார்கள். கராச்சுக்குக் கொடுக்காமல் வீட்டிலேயே திருத்தி ஓட முடியுமா?

முடியும். நான் செய்திருக்கிறேன். 2021 கார்த்திகையில், மானிப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டுக் கோடிக்குள் தகரத்தால் மூடிக் கிடந்த அதே வடிவ ஆர்15ஐ, இதே வசனத்தைக் கேட்டுத்தான் வாங்கினேன். ஏ9 வீதியில் இரவு நேரம் குறுக்கே வந்த மாட்டோடு மோதிய பைக் அது. ஓட்டியவர் தோள் எலும்பு முறிவோடு தப்பியிருந்தார். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்றுபோனதால் புதிது வாங்க வழியில்லை. ஓடுகிற பழையவற்றின் விலை என் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. உடைந்ததுதான் கைக்கு எட்டியது. கட்டி முடிக்கப் பதினாறு மாதங்கள் எடுத்தன.

முதலில் அந்த வசனத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்தப் பைக்கில் “முன்பக்கம் மட்டும்” என்று ஒன்று கிடையாது. முன்சில்லு பின்னுக்குத் தள்ளப்பட்டால் அடுத்து நிற்பது ரேடியேற்றர், அதற்கும் பின்னால் எஞ்சின். முன்சில்லைத் தாங்கும் இரட்டைக் குழாய்களான போர்க் வாங்கிய அடி மேலே ஏறிப் போய்ச் சேருமிடம், பைக்கின் சட்டமான சேசியின் கழுத்து. உடைந்த கவரும் நொறுங்கிய விளக்கும் கண்ணுக்குத் தெரியும், அவற்றுக்கு விலையும் தெரியும். கழுத்து கோணியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே விலை பேசுவதற்கு முன்னர் அளக்க வேண்டும்.

அளக்கக் கற்றுத் தந்தவர் என் பெரியப்பா. 1990களில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சில சொட்டுப் பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி மோட்டார் சைக்கிள்களை ஓட வைத்த மெக்கானிக்குகளில் ஒருவர். எரிபொருளை ஊசிமுனையால் பீச்சுகிற இந்தக் கால எஞ்சினை அவர் அதற்கு முன் தொட்டதில்லை. ஆனாலும் முதல் நாள் என்னை ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடவில்லை. மேசன் வேலை செய்யும் அயலவரிடம் நூல், தூக்குக்குண்டு, ரசமட்டம் மூன்றையும் இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்.

பைக்கை நிமிர்த்தி அசையாமல் கட்டினோம். பின்ரயரைச் சுற்றி நூலைப் போட்டு இரு பக்கமும் முன்னோக்கி இழுத்து, முன்சில்லுக்கு அப்பால் இரண்டு கற்களில் கட்டினோம். நூல் நிலத்திலிருந்து ஒரே உயரத்தில் ஓட வேண்டும். பின்ரயரின் இரு விளிம்புகளையும் தொட்டும் தொடாமலும் உரச வேண்டும். இந்த வடிவத்துக்குப் பின்ரயர் 130 மில்லிமீற்றர் அகலம், முன்ரயர் 90. ஆகவே இரண்டு சில்லும் ஒரே கோட்டில் நின்றால், முன்ரயருக்கும் நூலுக்கும் இடையில் இரு பக்கமும் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் வெளி தெரியும். எங்களுக்கு இடப்பக்கம் 11, வலப்பக்கம் 29 வந்தது.

இப்படி வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். அந்த 9 மில்லிமீற்றர் விலகல் போர்க்கிலிருந்தும் வரலாம், கழுத்திலிருந்தும் வரலாம். போர்க் என்றால் செலவோடு போகும். கழுத்து என்றால் பைக்கை விட்டுவிட வேண்டியதுதான். எது என்று பிரித்தறிய, முன்சில்லையும் போர்க்கையும் அதைப் பிடித்திருக்கும் மேல், கீழ்த் தாங்கிகளையும் கழற்றினோம். கழுத்துக் குழாயின் இரு வாய்களிலும் இறுக்கமாக உட்காரும்படி கடைசல் பட்டறையில் இரண்டு மரக்கட்டைகள் கடைவித்து, அவற்றின் நடுவே நேரான உருக்குக் கம்பி ஒன்றைச் செலுத்தினோம். பின்சில்லைப் பிடித்திருக்கும் பின்கை சேசியோடு பூட்டியிருக்கும் அச்சில் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை பைக்கை நிமிர்த்தினோம். பிறகு பத்தடி முன்னால் போய், தூக்குக்குண்டு நூலைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார் பெரியப்பா. அவர் பேசும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. நூலும் கம்பியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தன.

அது கழுத்து பக்கவாட்டில் முறுகவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. பின்னோக்கி மடிந்திருக்கிறதா என்று அறிய, கழுத்தின் அடிவாயிலிருந்து பின்கை அச்சு வரை இரு பக்கமும் அளந்து, நண்பர் ஒருவரின் அடிபடாத ஆர்15 தரும் அளவோடு ஒப்பிட்டோம். கழுத்தும் சேசியின் இரண்டு பெரிய கைகளும் சந்திக்கும் இடத்தில் பெயின்ற்றையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். உருக்கு மடிந்தால் முதலில் பெயின்ற்தான் மயிரிழையாக வெடிக்கும் அல்லது சுருங்கும். அந்த இடத்தில் மட்டும் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் வாங்காதீர்கள்.

சேசி இலக்கம் அடிக்கப்பட்டிருப்பதும் அதே கழுத்தில்தான். பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு அதையும் எஞ்சின் இலக்கத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். லீசிங் நிறுவனத்தின் பெயர் இன்னும் புத்தகத்தில் இருக்கிறதா, விபத்து வழக்கு முடிந்துவிட்டதா என்றும் கேளுங்கள். சேசி கோணியிருந்தால் வேறு சேசி மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். சேசியோடு இலக்கமும் மாறிவிடும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இனிப் போர்க். குழாய்கள் இரண்டையும் கழற்றி, ஜன்னல் கண்ணாடி ஒன்றின் மேல் உருட்டினோம். நேரான குழாய் சத்தமில்லாமல் உருளும். வளைந்தது தாவித் தாவி உருளும். எங்களுடையவை இரண்டும் தாவின. அழுத்தி நேராக்கித் தருவதாக ஒரு பட்டறையில் சொன்னார்கள். வளைந்த உட்குழாயை நேராக்க முயலவே வேண்டாம், அது ஆபத்தான அளவுக்குப் பலவீனமாகிவிடும் என்று யமஹாவின் பழுதுபார்க்கும் கையேடுகள் எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கையை நான் முழுமையாக நம்புகிறேன். நேராக்கிய குழாய் கண்ணாடியில் அழகாக உருளும். அடுத்த தடவை முன்பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கண்ணாடி சொல்லாது.

அதற்குப் பிறகும் காசை மிச்சம் பிடிக்க நினைத்துக் கொழும்பில் பழைய சோடி ஒன்றுக்குச் சொல்லிவைத்தேன். இரவு பஸ்ஸில் வந்தது. துணியால் சுற்றி, ஒயில் பூசி, புதிது போல மினுங்கியது. கண்ணாடியில் உருட்டியபோது ஒன்று தாவியது. விற்றவர் திருப்பி எடுக்கவில்லை. அந்தக் காசு போனது போனதுதான். புதிய குழாய்களுக்குக் கட்டளை கொடுத்துக் காத்திருந்த மாதங்களில், 200 ரூபாயளவில் நின்ற டொலர் 360 ரூபாயளவுக்குப் போனது. முதல் நாளே புதிது எடுத்திருந்தால் ஏறத்தாழ அரைவாசிக் காசோடு முடிந்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்கென்று ஒரு பிரிவினை வைத்திருக்கிறேன். கவர், விளக்கு, கால்மிதி, ரேடியேற்றர் போன்றவற்றைப் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலோ யாழ்ப்பாணத்து ஸ்ரான்லி வீதியிலோ பழையதாக எடுக்கலாம். போர்க் குழாய், கழுத்துக்குள் இருக்கும் பெயரிங், பிரேக் குழாய், ரயர் ஆகிய நான்கும் புதிதாகவே இருக்க வேண்டும். மோதும்போது கழுத்துப் பெயரிங்கின் குண்டுகள் தங்கள் இருக்கையிலேயே குழி விழுத்திவிடும். அப்படியானால் ஹான்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவது போலக் கைக்குத் தெரியும். வாங்கப் போகும் இடத்தில், முன்சில்லைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி இதை நீங்களே பார்க்கலாம்.

எஞ்சினைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். ரேடியேற்றர் உடைந்த பின்னும் சில நிமிடங்கள் ஓடியிருந்தால் சிலிண்டர் கீறுப்பட்டிருக்கும். பழைய பைக்குகளில் அதைக் கடைந்து, ஓர் அளவு பெரிய பிஸ்டன் போடுவது நம்மூரில் சாதாரண வேலை. ஆர்15இல் அது நடக்காது. இதன் சிலிண்டருக்கு உள்ளே இரும்புச் சுவர் இல்லை. சிலிக்கன் கலந்த அலுமினியத்திலேயே வார்த்திருக்கிறார்கள். யமஹா இதற்கு டயசில் என்று பெயர் வைத்திருக்கிறது. கீறுப்பட்டால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். என்னுடையதைத் திறந்தபோது சுவர் வழவழவென்று சுத்தமாக இருந்தது. மோதிய உடனேயே எஞ்சின் நின்றிருக்க வேண்டும். நீங்கள் திறக்கும் முன் ஒயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உட்புறம் பால்கோப்பி நிறத்தில் குழம்பாக இருந்தால் ஒயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது.

தண்ணீர் என்றதும் யாழ்ப்பாணத்தார் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கின்றன. சுடுதண்ணீர்க் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே படிவு ரேடியேற்றரின் நுண்குழாய்களுக்குள்ளும் படியும். கிணற்றுத் தண்ணீரை ஒரு கோப்பைகூட ஊற்றாதீர்கள். இதற்கென்று விற்கும் கூலன்ட் கிடைக்காவிட்டால் பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் கிடைக்கும்வரை காத்திருங்கள். நான் வாங்கிய பழைய ரேடியேற்றரில் கால்வாசிக் குழாய்கள் இப்படித்தான் அடைபட்டிருந்தன.

2022 பங்குனியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை போனது. கிரைண்டர் இல்லை, வெல்டிங் இல்லை, துளையிடும் மெசின் இல்லை. ஆனி மாதக் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அதுவும் வரிசையில் நின்றால்தான். ஓட முடியாத பைக்கைக் கட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான காலம் எனக்கு வாய்த்திருக்காது. பகல் வெளிச்சத்தில் கையால் செய்யக்கூடிய வேலைகளையெல்லாம் அந்த மாதங்களில் செய்தேன். கவர் வேலை முழுவதும் அப்போது முடிந்ததுதான்.

உடைந்த கவர்களை எறியாதீர்கள், தெறித்த சிறு துண்டுகளைக்கூட. கவரின் உட்புறத்தில் அது என்ன பிளாஸ்ரிக் என்று பொறித்திருக்கும். ஏ.பி.எஸ். என்றிருந்தால் அசிற்றோனில் கரையும். உதவாத துண்டுகளைச் சிறிதாக நறுக்கி, கண்ணாடிப் போத்தலில் அசிற்றோனோடு ஒரு இரவு மூடி வைத்தால் தேன் பதத்தில் பசை கிடைக்கும். வெடிப்பின் இரு ஓரங்களையும் சரிவாகச் சுரண்டி, உட்புறத்தில் மெல்லிய கம்பிவலையைச் சூடாக்கிப் பதித்து, அதன்மேல் பசையைப் படலம் படலமாகத் தடவினேன். அது மேலே ஒட்டிக்கொள்வதில்லை, கவரோடு கவராகவே இறுகிவிடுகிறது. ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு நாள் காய விட்டேன். பி.பி. என்று பொறித்த பாகங்கள் அசிற்றோனுக்குக் கரையாது, அவற்றை மாற்றத்தான் வேண்டும். அசிற்றோன் தீப்பற்றும், தலையைச் சுற்ற வைக்கும். கதவு ஜன்னல் போடாத திறந்த கொட்டிலில் செய்தபடியால் எனக்குத் தப்பியது.

பெயின்ற் அடிக்க அவசரப்பட்டேன். சோளகக் காற்றில் எங்கள் கோப்பாய்ச் செம்மண் கொட்டிலுக்குள் வந்து படிந்து, முதல் தடவை அடித்தது முழுவதும் மணல் தாளாகிவிட்டது. எல்லாவற்றையும் உரைத்து எடுத்து, காற்று விழுந்த மாதத்தில், விடியற்காலையில், நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடியும் அடித்தேன்.

கடைசியில் எல்லாம் பூட்டியபின் எஞ்சின் பற்றவில்லை. சுற்றுகிறது, ஆனால் ஒரு முறைகூட வெடிக்கவில்லை. இரண்டு வாரம் பிளக், பம்ப், வயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரியப்பாதான் மீற்றரில் மினுங்கும் எஞ்சின் விளக்கை எண்ணச் சொன்னார். நீளமான மினுக்கம் ஒன்றுக்குப் பத்து, குறுகியது ஒன்றுக்கு ஒன்று. நீளமாக மூன்று மினுங்கியது. 30 என்றால் பைக் விழுந்து கிடக்கிறது என்று பொருள். பைக் சரிந்தால் எஞ்சினை நிறுத்தும் உணரி ஒன்று இருக்கிறது. மோதியதில் அதன் தாங்கி மடங்கியிருந்தது. நான் அதைக் கவனிக்காமல் அப்படியே பூட்டியிருந்தேன். நிமிர்ந்து நின்ற பைக்கை அது விழுந்ததாகவே கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. தாங்கியை நேராக்கி, திறப்பை மூடித் திறந்து அழுத்தினேன். உடனே பற்றியது. அம்மா குசினிக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

2023 பங்குனியில் ஒரு ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரம். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்ற பங்கீடு இருந்த காலம். பெரியப்பா தன் ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்ததில் பாதியை எனக்கு ஊற்றினார். அதற்கு முதல் நாள் மறுபடியும் நூல் பிடித்தோம். இடம் 20, வலம் 20. அது போதாது, ஓடும்போது பார்க்க வேண்டும் என்றார். பண்ணைப் பாலத்தில் நான் 40 கிலோமீற்றர் வேகத்தில் முன்னால் போக, அவர் எம்.டி.யில் பின்னால் வந்தார். இரு பக்கமும் கடல், பாதை நேர். ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காமல் விரல்களால் மட்டும் தொட்டுக்கொண்டு ஓடினேன். அல்லைப்பிட்டியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அவர் பக்கத்தில் வந்து, எம்.டி.யை நிறுத்தாமலே சொன்னார்:

“பின்னாலிருந்து பார்க்க ஒரு சில்லுத்தான் தெரிந்தது, தம்பி.”