மட்டன் என்றால் எந்த ஆடு? கேள்வி பதில்

மட்டன் என்ற சொல்லின் பொருளையும் அது பிறந்த இடத்தையும் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: என் தம்பி லண்டனில் இருக்கிறான். அங்கே மட்டன் என்றால் செம்மறியாட்டுக் கறியாம். நம் ஊரில் வெள்ளாட்டைத்தானே அப்படிச் சொல்கிறோம்? எது சரி சார்?

பதில்: அவரவர் ஊரில் அவரவர் வழக்கு சரிதான். பிரிட்டனில் மட்டன் என்றால் நன்கு வளர்ந்த செம்மறியின் இறைச்சி. ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டியின் கறி லாம்ப், இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஹாகெட். இந்தியாவில் பெரும்பாலும் வெள்ளாட்டைக் குறிக்கிறது. தமிழில் இரண்டுமே ஆடு, இரண்டுமே ஆட்டுக்கறி. அதனால் இந்த மாற்றம் நமக்கு உறுத்துவதே இல்லை. தம்பிக்கு வெள்ளாடுதான் வேண்டுமென்றால் ‘கோட்’ என்று தெளிவாகக் கேட்டு வாங்கட்டும்.

கேள்வி: சொல் எந்த மொழியிலிருந்து வந்தது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆங்கிலத்துக்கு 1300 வாக்கில் பழைய பிரெஞ்சின் ‘மோட்டோன்’ வழியாக வந்தது. அதற்கு முன் இடைக்கால லத்தீனில் ‘முல்ட்டோ’. ஆனால் இது லத்தீனின் சொந்தச் சொல் இல்லை, லத்தீனில் செம்மறிக்கு ‘ஓவிஸ்’ என்று பெயர். லத்தீன் பேசிய ரோமானியர் வருவதற்கு முன்பே பிரான்சில் வாழ்ந்த ‘கால்’ (Gaul) என்ற இன மக்களின் கெல்டிக் மொழியிலிருந்து இது வந்திருக்கும் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதே கெல்டிக் குடும்பத்து மொழிகளான பழைய ஐரிஷில் ‘மோல்ட்’, வெல்ஷில் ‘மோல்ட்’, பிரெட்டனில் ‘மாவுட்’ என்று அதன் உறவுகள் இருக்கின்றன. ஆட்சி செய்தவர்களின் மொழி நாட்டையே பிடித்துக்கொண்டபோதும், மந்தை மேய்த்தவர்கள் வாயிலிருந்த ஒரு சொல் அழியாமல் நின்றிருக்கிறது!

அப்புறம், பொருளைக் கவனியுங்கள். அந்த கெல்டிக் சொற்களுக்குக் காயடித்த செம்மறிக்கிடா என்று பொருள். காயடித்தால் கிடா சாதுவாகும், கொழுப்பும் பிடிக்கும். அதாவது இது முதலில் இறைச்சியின் பெயரே அல்ல, உயிரோடு நின்ற ஒரு விலங்கின் பெயர். இன்றைய பிரெஞ்சிலும் மேயும் செம்மறியும் ‘மூட்டோன்’தான், தட்டில் இருப்பதும் ‘மூட்டோன்’தான்.

கேள்வி: மேய்த்தவன் ஆங்கிலேயன், அதனால் விலங்குக்கு ‘ஷீப்’, தின்றவன் பிரெஞ்சு பேசிய பிரபு, அதனால் கறிக்கு ‘மட்டன்’ என்று படித்தேன். உண்மையா?

பதில்: பாதி உண்மை. 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு மேல்தட்டின் மொழி பிரெஞ்சானது, அதன் சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்தன. இந்த விளக்கத்தை 1653-லேயே ஆங்கிலேய அறிஞர் ஜான் வாலிஸ் தன் இலக்கண நூலில் எழுதிவிட்டார். 1819-இல் வால்டர் ஸ்காட் தன் ‘ஐவன்ஹோ’ நாவலில் இரண்டு வேலைக்காரர்கள் பேசிக்கொள்வதாக வைத்தார், ஊரெல்லாம் பரவியது.

ஆனால் விலங்குக்கு ஒன்று, கறிக்கு ஒன்று என்று அன்றைக்கே பிரிந்துவிடவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ 1590-களின் பிற்பகுதி நாடகம். அதில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஷைலாக், மனிதச் சதைக்கு ‘மட்டன்கள், பீஃப்கள், கோட்கள்’ ஆகியவற்றின் சதை அளவுக்குக்கூட மதிப்பில்லை என்கிறான். மட்டனும் பீஃபும் அங்கே உயிருள்ள விலங்குகள். நார்மன்கள் வந்து 500 ஆண்டுகள் கழிந்த பிறகும் நிலைமை அதுதான். இன்றைய கறாரான பிரிவினை மெல்ல மெல்ல வந்தது. அந்தக் கதையைச் சொல்பவர்கள் இந்த இடைப்பட்ட காலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, அதே வரியில் வெள்ளாடு தனியாக நிற்கிறது பாருங்கள், முதல் கேள்வி கேட்டவருக்கு அதுவும் பதில்.

கேள்வி: பீஃப், போர்க் எல்லாம் இதே மாதிரிதானா?

பதில்: ஆமாம். பீஃப் லத்தீன் ‘போஸ்’ வழி, போர்க் ‘போர்க்கஸ்’ வழி, இரண்டுமே பிரெஞ்சு மூலமாக வந்தவை. ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான ‘கௌ’வும் இந்த பீஃபும் வெகுகாலத்துக்கு முன் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. கோசாலை, கோமாதா என்கிறோமே, அந்த சமஸ்கிருத ‘கோ’வும் அதே வேர்தான்.

கேள்வி: அப்போ சிக்கனுக்கு ஏன் பிரெஞ்சுப் பெயர் வரவில்லை?

பதில்: ‘பவுல்ட்ரி’ வந்ததே! ஆனால் அது கோழி, வாத்து எல்லாவற்றுக்கும் பொது. சிக்கன், லாம்ப், ஃபிஷ் மூன்றும் பழைய ஆங்கிலச் சொற்கள், விலங்குக்கும் கறிக்கும் ஒன்றே.

கேள்வி: ‘மீட்’ என்ற சொல்லே எப்படி வந்தது?

பதில்: பழைய ஆங்கிலத்தில் ‘மெட்டே’ என்றால் உணவு, எந்த உணவும். 1611-இல் வந்த ஆங்கில பைபிளில், ஆதியாகமம் 1:29-இல், விதை தரும் செடிகளையும் கனிகளையும் மனிதனுக்கு ‘மீட்’ ஆகக் கடவுள் கொடுக்கிறார். இறைச்சி என்ற பொருள் சுருங்கி வந்தது. காய்கறியிலும் ஆட்டுக்கறியிலும் ‘கறி’ நிற்கிற நமக்கு இது வியப்பாக இருக்காது. பழைய பொருள் இன்னும் ‘ஸ்வீட்மீட்’ என்ற சொல்லில் இருக்கிறது. அதற்கு இனிப்புப் பண்டம் என்றுதான் பொருள், அதில் இறைச்சி கிடையாது.