பக்கவிளைவும் பக்கத்து அலமாரியும்

கேள்வி: மருந்துக்கடைகளில் ஆங்கில மருந்தோடு ஹோமியோபதியையும் சேர்த்தே விற்கிறார்கள். பக்கவிளைவு இல்லாத மருந்து கையெட்டும் இடத்தில் கிடைப்பது நல்லதுதானே?

பதில்: உங்கள் கேள்வியில் 'பக்கவிளைவு' வரை வந்தேன், அதற்குமேல் நகர முடியவில்லை. விளைவு என்று ஒன்று இருந்தால்தானே அதற்குப் பக்கம், முதுகு எல்லாம் இருக்கும்?

புட்டியில் 30சி என்று போட்டிருந்தால், நூறில் ஒரு பங்காக நீர்ப்பதை முப்பது முறை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பன்னிரண்டு முறை தாண்டும்போதே மூலப்பொருளில் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது சந்தேகம். 30சியில் ஒரே ஒரு மூலக்கூறாவது உள்ளே போயாக வேண்டும் என்று நீங்கள் அடம்பிடித்தால், சூரியனைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு எடையுள்ள திரவத்தைக் குடிக்க வேண்டும். நீர்க்க நீர்க்க 'வீரியம்' ஏறுகிறது என்பார்கள் அந்தத் துறையில்.

ஃப்ளூ காய்ச்சலுக்கு என்று பல நாடுகளில் விற்கும் ஆசிலோகாக்சினம் இன்னும் வீரியமானது, 200சி. மூலப்பொருள் வாத்தின் ஈரலும் இதயமும். ஒரு வாத்து போதும், உலகம் முழுக்க உள்ள ஜலதோஷக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தாலும் தீராது. அந்த வாத்தை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. இந்த மருந்தால் பக்கவிளைவு ஏற்பட்டது அதற்கு மட்டும்தான், அதுவும் லேசான பக்கவிளைவு இல்லை.

அவ்வளவாக நீர்க்காமல் விட்டால் கதையே வேறு. ஸிகாம் என்று மூக்கில் விடும் ஜெல், அதுவும் ஹோமியோபதி என்ற பெயரில்தான் வந்தது. அதில் துத்தநாகம் நிஜமாகவே இருந்தது. வாசனையே தெரியாமல் போய்விட்டதாக 130க்கும் மேற்பட்ட புகார்கள் வந்து, 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டது.

ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன்மேல் எனக்குக் கோபம் இல்லை. 1796-ல் அவர் தன் கொள்கையை எழுதியபோது மற்ற டாக்டர்கள் ரத்தத்தை வடித்தும் பாதரசத்தை விழுங்க வைத்தும் வைத்தியம் பார்த்தார்கள். ஒன்றுமே செய்யாத உருண்டை அன்றைக்குப் பெரிய முன்னேற்றம்தான்.

கோபமெல்லாம் அலமாரிமேல். 2009-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு, பூட்ஸ் மருந்துக்கடை நிறுவனத்தின் அதிகாரியைக் கூப்பிட்டு விசாரித்தது. இவை வேலை செய்யும் என்பதற்குத் தன்னிடம் ஆதாரம் இல்லை, வாடிக்கையாளர்கள் விரும்புகிறார்கள், விற்கிறோம் என்றார் அவர். நேர்மையான மனிதர். ஆனால் அதைக் கடையில் எழுதி மாட்டவில்லையே! அடுத்த ஜனவரியில் கொஞ்சம் பேர் அதே கடைகளின் வாசலில் கூடி, இதில் ஒன்றுமே இல்லை என்று காட்டப் புட்டி புட்டியாக உருண்டைகளை வாயில் கொட்டிக்கொண்டார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சரி, இந்தச் சண்டையை நான் வேறு இடத்தில் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருப்பவன். பத்திரிகையில் கட்டுரை மாதிரியே உடை உடுத்தி வரும் விளம்பரங்களைச் சொல்கிறேன். அதே எழுத்துரு, அதே பத்தி அகலம், தலைப்புக்குக் கீழே 'நமது சிறப்பு நிருபர்'. பக்கத்தில் இருப்பது உழைத்து எழுதிய செய்தி என்பதால் இதையும் வாசகர் நம்பிவிடுகிறார். கடையிலும் இதே தந்திரம்தான். சோதித்துப் பார்த்த ஆன்டிபயாடிக்குக்குப் பக்கத்தில், அதே வெள்ளைக் கோட்டுக்காரர் கையால் எடுத்துக் கொடுத்தால், சர்க்கரை உருண்டைக்கும் டாக்டர் பட்டம் வந்துவிடுகிறது. அதை நம்பி ஒருவர் நிமோனியாவை ஒரு வாரம் தள்ளிப்போட்டால், அது எந்த விளைவில் சேர்த்தி?

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனி அலமாரி வையுங்கள். மேலே, 'இதில் மூலப்பொருள் மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை' என்று கண்ணில் படும் அளவில் எழுதுங்கள். கடைக்காரர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். 'விளம்பரம்' என்று தலையில் போடுங்கள் என்றால் எங்கள் விளம்பரப் பிரிவு சொல்வதுதான்: "அப்படிப் போட்டா யார் சார் வாங்குவாங்க?"