முதலில் சுமை, பிறகுதான் துப்பாக்கி: வேட்டைப் பயணக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நியூசிலாந்தைப் பற்றியவை. வேலைக்கும் படிப்புக்கும் அங்கே போன நம் பிள்ளைகள் அண்ணனையும் மாமாவையும் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். அதனால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருந்துகொண்டே எப்படித் தயாராவது என்பதற்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

அடுத்த ஏப்ரலில் தம்பி தென் தீவுக்குக் கூப்பிட்டிருக்கிறான். ஐந்து நாள் மலையில் தங்கி மான் வேட்டை. நான் சுமை தூக்கி நடந்ததே இல்லை. முதலில் எதை வாங்குவது? – செந்தூல் வாசகர்

காலணி, முதுகுப்பை இரண்டும் போதும். மற்ற எதையும் இப்போது வாங்காதீர்கள்.

ஏப்ரல் நல்ல காலம். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சிவப்பு மானின் இணைசேரும் பருவம். கிடாக்கள் கத்துவது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். ஆனால் அந்தச் சத்தம் வரும் இடத்துக்கு உங்கள் கால்தான் உங்களைக் கொண்டுபோக வேண்டும்.

பொழுதுபோக்கு மலையேற்றத்துக்கும் வேட்டைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மலையேறுபவர் சாப்பாட்டையும் தண்ணீரையும் தீர்த்துவிட்டு இலேசான பையுடன் இறங்குவார். வேட்டைக்காரருக்கு இறங்கும்போதுதான் பாரம் கூடுகிறது. ஒரு பெண் சிவப்பு மானில் எலும்பை நீக்கிய இறைச்சியே சுமார் 25 முதல் 30 கிலோ வரும். இருவர் பங்கிட்டாலும் கூடாரம், உடையோடு சேர்த்து ஆளுக்கு 25 கிலோவுக்கு மேல். களைத்த காலோடு, ஈரப் பாறையில், மாலை வெளிச்சத்தில் அதைச் சுமந்து இறங்க வேண்டும். அடிபடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

உங்களுக்குப் பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது: உலு லங்காட் பங்சூன் வழியாக ஏறும் நுவாங் மலை. இதன் உயரம் 1,493 மீட்டர். லோலோ முகாம் வரைக்குமான அந்த ஐந்து கிலோமீட்டர் மண்சாலையை 'முடியாத சாலை' என்றே ஏறுபவர்கள் சொல்வார்கள். சலிப்பான சாலைதான். சுமைப் பயிற்சிக்கு அதைவிட நல்லது கிடைக்காது. முதல் மாதம் 5 கிலோவுடன் லோலோ வரை போய்த் திரும்புங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு 2 கிலோ கூட்டுங்கள். 15 கிலோ வந்த பிறகு உச்சிக்கு முயலுங்கள். தண்ணீர் போத்தல்தான் நல்ல எடைக்கல். முழங்கால் கெஞ்சினால் ஊற்றிவிடலாம். உச்சிக்குப் போக வனத்துறையின் அனுமதி வேண்டும், அதை வாங்காமல் கிளம்பாதீர்கள். விடியற்காலையிலேயே தொடங்குங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் அந்தப் பாதை ஓடையாகிவிடும்.

பை 60 முதல் 70 லிட்டர் அளவில், கனமான இடுப்புப் பட்டையோடு இருக்கட்டும். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். 15 கிலோவை உள்ளே வைக்கச் சொல்லி, பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கி, பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நடங்கள். பாரம் தோளில் உட்கார்ந்தால் அந்தப் பை உங்களுக்கு ஆகாது. பழைய பையும் நல்லதுதான். தைப்பும் கொக்கியும் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

'கம்போங் அடிடாஸ்' போட்டுத்தான் எல்லா மலையும் ஏறுகிறேன். அதுவே போதாதா? – காஜாங் வாசகர்

நம் காட்டுக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. பால்மரம் வெட்டியவர்கள் காலிலிருந்து வந்த கறுப்பு ரப்பர் காலணி அது. சேற்றில் பிடிக்கும், தண்ணீரில் ஊறாது, விலையும் குறைவு. என் வீட்டிலும் இரண்டு சோடி கிடக்கிறது. ஆனால் நியூசிலாந்து மலைச்சரிவில் கூரான கற்களும் குளிர்ந்த ஆறுகளும் இருக்கும். கணுக்காலைப் பிடிக்கிற, அடித்தட்டு கெட்டியான தோல் காலணி வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், அங்கே போடப்போகும் தடித்த காலுறையோடு போய் வாங்குங்கள். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பாவது வாங்கி நுவாங் சாலையில் பழக்கிவிடுங்கள்.

எனக்கு 52 வயது. பினாங்கு மலை ஏறுவேன், இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது. என்னால் முடியுமா? – ஆயர் ஈத்தாம் வாசகர்

ஒரு மருத்துவர் மூட்டைப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். அப்புறம் உங்கள் ஊரில் இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை: மலை ரயில். முதல் இரண்டு மாதம் தாவரவியல் பூங்காவிலிருந்து தார்ச்சாலை வழியாகச் சுமையோடு ஏறுங்கள், ரயிலில் இறங்குங்கள். தொடை பலப்பட்ட பிறகு இதைத் திருப்பிப் போடுங்கள். ரயிலில் ஏறி, 3 கிலோவுடன் நடந்து இறங்குங்கள். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். 833 மீட்டர் மலையில் இறக்கத்தை மட்டும் தனியாகப் பழகுவது பெரிய வாய்ப்பு. இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள். அடியைச் சிறிதாக வையுங்கள்.

குளிருக்கு என்ன உடை? ஜீன்சும் தடித்த பருத்திச் சட்டையும் போதுமா? – ஷா ஆலம் வாசகி

வேண்டாம்மா. என் முதல் பயணத்தில் நான் ஜீன்சோடு போனேன். பனிகூட இல்லை, வெறும் தூறலும் காற்றும்தான். மதியத்துக்குள் காலணிக் கயிற்றை என் விரலால் அவிழ்க்க முடியவில்லை. கூட வந்தவர் என் கையைப் பிடித்துக் கூடாரத்துக்கு அழைத்துப் போனார்.

பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், காயவும் காயாது. மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ உடம்போடு ஒட்டி இருக்கட்டும். அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர் புகாத மழைச்சட்டை. படுக்கும்போது போட மாற்றுடுப்பு ஒரு சோடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். அதைப் பகலில் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள்.

நம் ஊரில் நாம் பழகியது வெயிலும் வியர்வையும். அதனால் குளிர் உடம்பைப் பிடிப்பது நமக்குச் சட்டென்று புரியாது. கூட இருப்பவருக்குப் பேச்சு குழறினாலோ, விரல் சொன்னபடி கேட்காவிட்டாலோ, கால் தடுமாறினாலோ அங்கேயே நில்லுங்கள். ஈர உடையை மாற்றி, காற்றுப் படாமல் மறைத்து, சூடாகவும் இனிப்பாகவும் குடிக்கக் கொடுங்கள். 'கொஞ்ச தூரம்தான், போய்விடலாம்' என்று நடக்க வைக்காதீர்கள்.

கைப்பேசியில் வரைபடம் இருக்கிறதே, திசைகாட்டி எதற்கு? – சுபாங் ஜெயா வாசகர்

குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும், ஈர விரலுக்குத் திரை பணியாது. கைப்பேசியும் இருக்கட்டும், 1:50,000 அளவுள்ள தாள் வரைபடமும் இருக்கட்டும்.

திசைகாட்டியில் நம்மவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. கோலாலம்பூரில் காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் இங்கே பழகியவருக்குத் திருத்தம் என்ற பேச்சே தெரியாது. நியூசிலாந்தில் ஊசி 20 டிகிரிக்கு மேல் கிழக்கே சாயும். அதைக் கணக்கில் எடுக்காமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 350 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். மலையில் 350 மீட்டர் என்றால் அது வேறொரு பள்ளத்தாக்காக இருக்கலாம். சரியான அளவு வரைபடத்தின் ஓரத்தில் அச்சாகியிருக்கும். ஊசி காட்டும் எண்ணோடு அதைக் கூட்டினால் வரைபடத்தின் எண் வரும்.

இன்னொன்று. இங்கே வாங்கிய திசைகாட்டியின் ஊசி அங்கே ஒரு பக்கம் சாய்ந்து தட்டில் உரசலாம். பூமியின் காந்தம் ஊசியைக் கீழே இழுக்கும் கோணம் இடத்துக்கு இடம் மாறுவதால் வரும் கோளாறு இது. உலகம் முழுவதற்கும் பொருந்தும் ஊசியைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அங்கே போய் வாங்குங்கள். அங்கே உச்சிவேளையில் சூரியன் வடக்கே நிற்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

406 மெகாஹெர்ட்ஸ் அவசர சைகைக் கருவியை அங்கே வாடகைக்கு எடுக்கலாம். அதைப் பைக்குள் வைக்காதீர்கள், உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். ஆற்றில் பை போனாலும் அது உங்களிடம் இருக்கும்.

எந்தத் துப்பாக்கி வாங்கலாம்? – கிள்ளான் வாசகர்

எதுவும் வாங்க வேண்டாம். உங்களைக் கூப்பிட்டவருடையதோ வழிகாட்டியுடையதோ போதும். .308 வகைத் துப்பாக்கி ஒன்று மான் வேட்டைக்குத் தாராளம். வெளிநாட்டவர் அங்கே வருகையாளர் உரிமம் கேட்கலாம், மாதக்கணக்கில் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். அரசுப் பாதுகாப்பு நிலங்களில் வேட்டையாட அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டும் வேண்டும். பொதுவாகத் திறந்துவிட்டிருக்கும் பகுதிகளுக்கு அது இலவசம்.

நியூசிலாந்தில் துப்பாக்கிப் பாதுகாப்புக்கு ஏழு விதிகள் சொல்லிக்கொடுப்பார்கள். ஏழையும் மனப்பாடம் செய்யுங்கள். நான்காவதை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்: சந்தேகத்துக்கே இடமில்லாமல் இலக்கை அடையாளம் காணாமல் சுடக்கூடாது.

என் இரண்டாவது பயணத்தில் புதருக்குள் பழுப்பாக ஒன்று அசைந்தது. உயரமும் சரி, நிறமும் சரி, மான் வரக்கூடிய இடமும்தான். என் பக்கத்தில் இருந்தவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டார். 'தலை தெரிகிறதா?' என்று கேட்டேன். தெரியவில்லை என்றார், துப்பாக்கியை இறக்கினார். அரை நிமிடம் கழித்து எழுந்து நின்றது எங்கள் கூட்டத்துப் பையன், மழைச்சட்டையை மாற்றிக்கொண்டிருந்தான். இன்றும் சில இரவுகளில் அந்த அரை நிமிடம் எனக்குத் திரும்ப வருகிறது.

அசைவு, நிறம், சத்தம் எதுவும் அடையாளம் ஆகாது. தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் தெளிவாகப் பாருங்கள். பார்ப்பதற்கு இருகண்நோக்கியை எடுங்கள், துப்பாக்கியின் குறிநோக்கியை அல்ல. நோக்கி வழியாகப் பார்க்கும்போது குழலும் அந்தப் பக்கம்தானே நீட்டியிருக்கும்? 8x42 அளவில் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) நல்ல இருகண்நோக்கி ஒன்று வாங்கினால் போதும். பணத்தை இதில் செலவழியுங்கள். பளீரென்ற ஆரஞ்சு மேலுடுப்பும் போடுங்கள், மானின் கண்ணுக்கு அந்த நிறம் எடுப்பாகத் தெரியாது.

கத்தி? நம் பாராங் போதுமா? – ரவாங் வாசகர்

பாராங் மூங்கிலுக்கும் பிரம்புக்கும். மானை உரித்துப் பிரிக்க ஒரு சாண் நீளம்கூட வேண்டாம், மடங்காத சிறு கத்தியும் ஒரு தீட்டுக்கல்லும் போதும்.

வாங்கியதும் சௌகிட் சந்தைக்குப் போய் முழு ஆட்டுத்தொடை ஒன்றை வெட்டாமல் வாங்கி வாருங்கள். எலும்பை உடைக்காமல், சதையை மடிப்பு மடிப்பாக விரலால் பிரித்து, கத்தி நுனியை மட்டும் வைத்துக் கழற்றுங்கள். தொடையெலும்பின் உருண்டைத் தலையும் இடுப்பெலும்பின் குழியும் சேரும் மூட்டு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். மானுக்கும் இதே அமைப்புதான், அளவுதான் பெரிது. முதல் தொடைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ஐந்தாவதில் பத்து நிமிடத்தில் முடிப்பீர்கள், வீட்டில் குழம்பும் கிடைக்கும். கறிக்கடை அண்ணனிடம் பணிவாகக் கேட்டால் பக்கத்தில் நின்று பார்க்க விடுவார். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

செம்பனைத் தோட்டத்தில் மாமா காட்டுப்பன்றிக்குக் கம்பிக் கண்ணி வைக்கிறார். அங்கேயே பழகலாமா? – கோல சிலாங்கூர் வாசகர்

கூடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணியைத் தடை செய்திருக்கிறது. கம்பிக்குப் பன்றி எது, புலி எது என்று தெரியாது. தீபகற்பக் காடுகளில் மிஞ்சியிருக்கும் புலிகள் 150-க்கும் குறைவு என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். கால் அறுந்து சாகும் ஒவ்வொரு புலியும் அந்தச் சின்ன எண்ணிலிருந்து போகிறது.

மாமா பயிரைக் காக்க நினைப்பது நியாயம்தான். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் புகார் கொடுக்கட்டும், உரிமத்துக்கும் அங்கேதான் கேட்க வேண்டும். வீட்டில் செய்த துப்பாக்கி ஏதாவது தோட்டத்தில் இருந்தால் அதன் பக்கமே போகாதீர்கள். உரிமமில்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. உங்களுக்கு இளம் வயது. தயவுசெய்து கேளுங்கள்.

அம்மா பாவம் என்கிறார். நானும் குழப்பத்தில் இருக்கிறேன். – பிரிக்பீல்ட்ஸ் வாசகி

அம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். நியூசிலாந்தின் சொந்த நிலப் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. சிவப்பு மான் 1851-இல் கொண்டுவரப்பட்டது, இமயமலை வரையாடு 1904-இல். அவற்றைப் பிடித்துத் தின்ன அங்கே விலங்கில்லை. பெருகினால் இளம் மரக்கன்றுகளைக் கடித்துக் காட்டை வழித்துவிடும். இது உண்மை. ஆனாலும் ஓர் உயிரை எடுக்க உங்கள் கை ஒப்புகிறதா என்பதை இந்த உண்மை முடிவு செய்யாது. முதல் பயணத்தில் துப்பாக்கியைத் தொடாமல் போய் வாருங்கள். இருகண்நோக்கியால் தேடிக் கொடுங்கள், சுமையில் பங்கெடுங்கள், உரிக்கும்போது கூட இருங்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசுங்கள்.

அட்டைக் கடிக்கு? – தஞ்சோங் பூங்கா வாசகர்

முழங்கால் வரை நெருக்கமான நெசவில் அட்டை உறை. கடித்துவிட்டால் நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

விமான நிலையத்தில் ஏதாவது பிரச்சினை வருமா? – செராஸ் வாசகர்

போகும்போது காலணி. நுவாங் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் விதைகளும் கிருமிகளும் அதோடு போகும். பல் துலக்கும் தூரிகையால் அடித்தட்டுப் பள்ளங்களைக் கழுவிக் காயவைத்துவிட்டு, வருகைப் படிவத்தில் மலையேற்றப் பொருள்கள் இருக்கின்றன என்று எழுதுங்கள். மறைத்துப் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

திரும்பும்போது சட்டைப்பை. மலையில் போட்ட மேல்சட்டை, முதுகுப்பையின் சின்னச் சின்ன அறைகள், இடுப்புப் பை எல்லாவற்றையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். மறந்துபோன ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் இங்கே அது ஆயுதச் சட்டத்தில் குற்றம். நினைவுக்கு என்று வெற்றுக் குண்டுக்கூட்டைக்கூட எடுத்து வராதீர்கள். பையை நீங்கள் ஒரு முறை உதறுங்கள், கூட வந்தவரை ஒரு முறை உதறச் சொல்லுங்கள்.